கோடையில் அடிவாரத்துக்கு இறங்கும் மான்களுக்குத் தீனி வைக்கலாமா?

அடிவாரத்து விவசாயி
ஏப்ரல் 9, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலையின் தெற்கு அடிவாரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. காப்புக்காட்டு எல்லைக் கல்லுக்கு நடந்தால் ஐந்தே நிமிடம். பங்குனி பிறந்ததிலிருந்து ஏழெட்டுப் புள்ளிமான்கள் விடியற்காலையில் இறங்கி வருகின்றன. வரப்பில் இருக்கும் அருகம்புல்லைக் கடிக்கின்றன, புளியமரத்தடியில் உதிர்ந்ததைப் பொறுக்குகின்றன, வெயில் ஏறுவதற்குள் போய்விடுகின்றன.

போன வாரம் அதில் ஒரு பெட்டை மான், நாய் துரத்தி, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் விழுந்துவிட்டது. தீயணைப்புக்காரர்கள் வந்து கயிறு கட்டி எடுத்தார்கள். மேலே வந்த கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது. தூக்குவதற்கு நானும் கை கொடுத்தேன். எங்கள் வீட்டு வெள்ளாட்டின் கனம்கூட இல்லை. விலா எலும்பை எண்ணலாம், இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து மனது சரியில்லை.

வீட்டில் இரண்டு மூட்டை மக்காச்சோளம் இருக்கிறது, தவிடும் இருக்கிறது. எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் தினமும் கொஞ்சம் கொட்டி வைக்கலாமா? என் மனைவி புண்ணியம் என்கிறாள். தம்பி, வேண்டாம் அண்ணா, வம்பு என்கிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி வாசி
ஏப்ரல் 9, இரவு 9.15

கட்டாயம் செய்யுங்கள். நாங்கள் காலையில் நடக்கப் போகிறவர்கள் பத்துப் பேர் இருக்கிறோம். உழவர் சந்தையில் மீந்துபோகும் முட்டைக்கோஸ் இலை, கேரட், தர்பூசணித் தோல் எல்லாம் வாங்கி வாரம் இரண்டு முறை வண்டியில் கொண்டுவந்து தருகிறோம். கண்ணுக்கு எதிரில் ஒரு உயிர் பசியில் நிற்கும்போது சட்டம் பேசிக்கொண்டிருக்க முடியாது.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்
ஏப்ரல் 10, காலை 6.05

தம்பி, உங்கள் மனது புரிகிறது. ஆனால் மக்காச்சோளத்தைக் கொட்டாதீர்கள். தவிடும் வேண்டாம். இதைப் படிக்கிற வேறு யாராவது ஏற்கனவே கொட்டியிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே கூட்டி அள்ளிவிடுங்கள்.

காரணம் சொல்கிறேன். மான் நம் மாடு, ஆடு மாதிரி அசைபோடுகிற பிராணி. அது தின்னும் தழையை அது நேரடியாகச் செரிப்பதில்லை. பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன, அவைதான் நாரை உடைத்து மானுக்கு உணவாக்கித் தருகின்றன. எந்தத் தீனி வருகிறதோ அதற்கு ஏற்ற நுண்ணுயிர்தான் அங்கே பெருகியிருக்கும். காய்ந்த புல்லும் சருகும் தின்றுகொண்டிருக்கும் மானின் வயிற்றில் மாவுச்சத்தைச் சமாளிக்கும் கூட்டம் மிகக் குறைவு. தீனி மாறினால் அந்தக் கூட்டம் மாறுவதற்கு இரண்டு மூன்று வாரமாவது வேண்டும்.

பசியோடு வந்த மான் ஒரே வேளையில் ஒரு படி மக்காச்சோளத்தைத் தின்றால் என்ன ஆகும்? மாவு வேகமாகப் புளிக்கும். லாக்டிக் அமிலம் பெருகும். நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பில் செத்துப்போகும். வயிற்றுச் சுவர் வெந்துபோகும், உடம்பில் உள்ள நீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்கும். ஓரிரு நாளில் மான் படுத்துவிடும். கலியாண வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு மாடு சாவதைக் கிராமத்தில் பார்த்திருப்பீர்கள். அதே நோய்தான்.

நான் பணியில் இருந்தபோது ஒரு அன்னதானத்தில் மிஞ்சிய சோற்றை நல்லெண்ணத்தோடு காட்டோரத்தில் கொட்டியிருந்தார்கள். மறுநாள் இரண்டு புள்ளிமான்கள் வயிறு உப்பிச் செத்துக் கிடந்தன. உடலைப் பரிசோதிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பெருவயிற்றைத் திறந்தபோது வந்த புளித்த வாடை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

காய்கறிக் கழிவு சோளத்தைவிடப் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அது பையோடு வரும், ரப்பர் வளையத்தோடு வரும். சென்னை கிண்டிப் பூங்காவிலும் அதை ஒட்டிய கல்வி வளாகத்திலும் செத்த மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் கட்டி கட்டியாக இருந்தது செய்திகளிலேயே வந்ததுதான்.

இன்னொன்று. ஒரே இடத்தில் தீனி கிடைத்தால் எல்லா மான்களும் அங்கே கூடும். எச்சில், சாணம், மூச்சு எல்லாம் கலக்கும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வேட்டைக்காரர்கள் மலைமலையாகத் தீனி கொட்டி வைத்த இடங்களில்தான் மான்களுக்குள் காசநோய் நிலைத்துப் பரவியது. 1990களில் அது பெரிய பிரச்சினையாகி, நோய் கண்ட பகுதிகளில் தீனி வைக்கவே தடை போட்டார்கள். நம் அடிவாரத்தில் கோமாரி கண்ட மாடும் அதே இடத்துக்கு வரும். கோமாரி மானையும் விடாது, காட்டெருமையையும் விடாது.

அடிவாரத்து விவசாயி
ஏப்ரல் 10, மதியம் 1.20

நன்றி டாக்டர் ஐயா. மூட்டையை உள்ளே வைத்துவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம் உறுத்துகிறது. அந்தப் பெட்டை மானை வனத்துறை முன்னிலையில் மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது நானும் தள்ளி நின்றேன். வயிறு நிறையப் புல் இருந்தது. வெறும் வயிறு இல்லை. வயிறு நிறைய இருக்கும்போது உடம்பு ஏன் அப்படி எலும்பாய்ப் போனது? ஏதாவது நோயா?

வனவியல் மாணவி
ஏப்ரல் 10, இரவு 10.30

ஐயா, நீங்கள் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. டாக்டர் ஐயா தவறு இருந்தால் திருத்துங்கள்.

மான் பட்டினி கிடக்கிறது என்றால் அதற்குத் தின்ன எதுவுமே கிடைக்கவில்லை என்று நினைக்கிறோம். அப்படி நடப்பது அபூர்வம். நம் காட்டில் பெரும்பாலும் நடப்பது வயிறு நிறைந்த பட்டினி. மாசி, பங்குனியில் மலைச்சரிவில் நிற்கும் சுக்குநாறிப்புல்லும் மற்ற முரட்டுப் புல்லும் பார்வைக்கு நிறைய இருக்கும். ஆனால் காய்ந்தபின் அதில் புரதம் மிகவும் இறங்கிவிடும். தீனியில் புரதம் ஏறக்குறைய 7 சதவீதத்துக்குக் கீழே போனால் பெருவயிற்று நுண்ணுயிர்களுக்கே போதிய ஊட்டம் இருக்காது. அவை மந்தமாகிவிடும். தின்ற புல் உடைபடாமல் அங்கேயே தங்கும். தங்கியது நகராததால் மானால் மேற்கொண்டு தின்னவும் முடியாது. வயிறு நிறைந்தபடி மான் தன் கொழுப்பைக் கரைத்துக்கொள்ளும், அப்புறம் தசையை.

அதனால்தான் புள்ளிமான் வருடம் முழுக்க ஒன்றையே தின்பதில்லை. மழைக்காலத்தில் இளம்புல் மேயும். கோடையில் புல்லை விட்டுவிட்டுத் தழை, உதிர்ந்த பூ, பழம், நெற்று என்று போகும். நெல்லிக்காய், தான்றி, கடுக்காய், புளி, வேல நெற்று, அத்திப்பழம் இவையெல்லாம் அதற்குக் கோடையின் உயிர்நாடி. குரங்கு மேலே தின்று சிந்துவதைக் கீழே காத்திருந்து பொறுக்கும். நெல்லிக்காயை முழுசாக விழுங்கி, பிறகு அசைபோடும்போது கொட்டையை வெளியே துப்பிவிடும். முதுமலையில் ஆய்வு செய்தவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மான் படுத்து அசைபோட்ட இடமெல்லாம் நெல்லி விதை கிடக்கும். மரம் மானுக்குச் சோறு போடுகிறது, மான் மரத்தை நட்டு வைக்கிறது.

ஒரு காட்டில் எத்தனை மான் நலமாக இருக்கும் என்பதை ஐப்பசி மழையில் பச்சைப்பசேல் என்று இருக்கும் காட்டை வைத்துக் கணக்கிட முடியாது. கோடையின் கடைசி ஆறு வாரம் என்ன மிச்சமிருக்கிறது என்பதுதான் கணக்கு.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்
ஏப்ரல் 11, காலை 5.50

திருத்த ஒன்றுமில்லை அம்மா, தெளிவாகச் சொல்லிவிட்டாய். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இறந்த மான் பட்டினியில் இருந்ததா என்று அறிய நாங்கள் வயிற்றைப் பார்ப்பதில்லை, தொடை எலும்பை உடைத்து மஜ்ஜையைப் பார்ப்போம். நல்ல உடம்பில் அது வெள்ளையாக, கெட்டிக் கொழுப்பாக இருக்கும். தோலடிக் கொழுப்பு, சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு எல்லாம் தீர்ந்தபிறகு உடம்பு கடைசியாகக் கை வைப்பது இந்த மஜ்ஜையில்தான். அப்போது அது சிவந்து, கூழ் மாதிரி ஆகிவிடும். மஜ்ஜை கூழாகிவிட்ட மானைக் கொல்வதற்குப் புலி, சிறுத்தை தேவையில்லை. நாய் நூறு அடி துரத்தினால் போதும்.

இதையும் யோசியுங்கள். அந்த மான் பெட்டை. சினை ஏறக்குறைய எட்டு மாதம். குட்டி ஈன்ற பிறகு பால் சுரக்கும் நாட்களில் சினையாக இருந்ததைவிட அதிகச் சத்து வேண்டும். அது கிடைக்காத வருடம் தாய் மெலியும், குட்டி எடை குறைவாகப் பிறக்கும், பால் போதாமல் முதல் சில வாரங்களிலேயே போய்விடும். அடுத்த முறை பருவத்துக்கே வராது. பெரிய மான்கள் சாவதைத்தான் நாம் பார்க்கிறோம். பிறக்காமல் போன குட்டிகள் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

காப்பித்தோட்டம்
ஏப்ரல் 12, இரவு 7.30

மேலே ஏற்காட்டில் இருந்து எழுதுகிறேன். மூன்று தலைமுறையாகக் காப்பிதான். இங்கே தீனிக்குப் பஞ்சம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. என் தோட்டத்தில் கேளையாடு (குரைக்கும் மான்) தாராளமாகத் திரிகிறது, உருண்டு திரண்டு இருக்கிறது. காட்டெருமைக் கூட்டம் தினமும் வருகிறது. மேலே பச்சையாகத்தானே இருக்கிறது? கீழே இருக்கும் மான் ஏன் மேலே ஏறி வரக்கூடாது?

வனவியல் மாணவி
ஏப்ரல் 12, இரவு 9.10

ஐயா, உங்கள் தோட்டத்தில் நிழல் மரம் என்னென்ன இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

காப்பித்தோட்டம்
ஏப்ரல் 13, காலை 9.00

தாத்தா காலத்து மரங்கள் பாதி அப்படியே இருக்கின்றன. பலா, அத்தி, நாவல். மீதிப் பாதியில் மிளகு ஏற்றுவதற்காக அப்பா சில்வர் ஓக் வைத்தார். கேட்டதற்கு அப்புறம் யோசித்துப் பார்த்தேன். கேளையாட்டை நான் பார்ப்பது எல்லாம் பழைய மரங்கள் இருக்கும் பக்கத்தில்தான். அத்தி உதிரும் நாட்களில் அந்த மரத்தடியை விட்டு நகராது. சில்வர் ஓக் பக்கம் பார்த்ததாக நினைவே இல்லை.

வனவியல் மாணவி
ஏப்ரல் 13, இரவு 8.45

அதைத்தான் கேட்க நினைத்தேன். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தது. நிழல் தரும், விறகு தரும், மிளகுக்கொடி ஏறும். மானுக்குத் தின்னப் பழம் தராது. சேர்வராயன் மலையில் காப்பி வந்து இருநூறு வருடம் ஆகிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் கொண்டுவந்தார். நாட்டு மரங்களின் நிழலில் காப்பி இருந்த வரைக்கும் அது பாதிக் காடு. நிழல் முழுக்க ஒரே மரமாக மாறும்போது மரம் இருக்கும், சோறு இருக்காது.

கேளையாடு தனியாகத் திரியும் சின்ன மான். பழத்தையும் இளந்தளிரையும் தேடிப் பொறுக்கித் தின்னும். நிழலான காட்டில் பிழைத்துக்கொள்ளும். புள்ளிமான் கூட்டமாக வாழ்வது, புல்வெளியும் திறந்த காடும் வேண்டும். செங்குத்துச் சரிவிலும் அடர்ந்த தோட்டத்திலும் அது தங்காது. கேளையாடு உருண்டு திரண்டு இருக்கிறது என்பதற்காகப் புள்ளிமானும் நலமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மான் என்று ஒரே பெயரில் சொல்கிறோம், ஒவ்வொன்றின் சாப்பாடும் வேறு.

அடிவாரத்தில் புள்ளிமானுக்கான இடத்தை, வெளிநாட்டில் இருந்து வந்த உண்ணிச்செடி (லன்டானா) பிடித்துக்கொண்டது. பூவும் இலையுமாகப் பச்சையாக நிற்கும். ஆனால் அதன் இலையில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கிறது. அதைத் தின்ற ஆடு மாடுகளுக்கு மஞ்சள் காமாலை வந்து, வெயில் பட்ட தோல் உரிவதை டாக்டர் பார்த்திருப்பார். மான் பெரும்பாலும் அதைத் தொடாது. அதன் அடியில் புல்லும் வளராது. காட்டைப் பார்க்கிற நமக்குப் பச்சை, மானுக்கு அது மூடிய கடை.

மலைக்கிராமத்தான்
ஏப்ரல் 14, மதியம் 12.10

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்து. நான் இந்த மலையின் மலையாளிப் பழங்குடி (கேரளத்து மலையாளி இல்லை, மலையில் வாழும் எங்கள் பழங்குடியின் பெயரே அதுதான்). படித்துவிட்டுச் சேலத்தில் வேலை பார்க்கிறேன். இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று தெரிந்ததால் முன்பே எழுதிவிடுகிறேன். நெல்லிக்காய், கடுக்காய், புளி எல்லாம் மானுக்கு வேண்டும் என்கிறீர்கள். அடுத்து, மலைக்காரன் அதையெல்லாம் பறித்துவிடுகிறான், ஆடு மேய்க்கிறான், தீ வைக்கிறான் என்று வரும். எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

எங்கள் அப்பா நெல்லி பறிக்கப் போகும்போது கிளையை ஒடிக்க விடமாட்டார். எட்டுகிற அளவுதான் பறிப்பார், உச்சியில் இருப்பதை விட்டுவிடுவார். கேட்டால், அது உதிர்ந்து போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகும் என்பார். இப்போது வெளியிலிருந்து வேனில் வந்து மரத்தையே வெட்டிச் சாய்த்துக் காயை உருவிக்கொண்டு போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாமையும் தினையும் விதைத்த நிலங்களில் அறுவடைக்கு அப்புறம் தாள் நிற்கும், அதை மான் வந்து மேயும். காட்டெருமைத் தொல்லையில் பலரும் விதைப்பதை விட்டுவிட்டார்கள். அந்த நிலத்தில் எல்லாம் இன்றைக்கு உண்ணிச்செடிதான் நிற்கிறது. இதையும் உங்கள் கணக்கில் சேருங்கள்.

வனவியல் மாணவி
ஏப்ரல் 14, மாலை 6.00

அண்ணா, நீங்கள் சொல்லாவிட்டால் நான் சாமைக்காட்டை யோசித்திருக்கவே மாட்டேன். மிக்க நன்றி. விதைக்காத நிலம் தானாகக் காடாகிவிடும் என்றுதான் வகுப்பில் எளிதாகப் பேசிக்கொள்கிறோம். நடுவில் உண்ணிச்செடி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

தீ பற்றி எனக்குத் தெரிந்தது இது. யார் வைத்தாலும், தானாகப் பிடித்தாலும், எரிந்த இடத்தில் ஒரு மழை விழுந்ததும் இளம்புல் துளிர்க்கும், மான் ஓடிவரும். அதைப் பார்த்துத் தீ நல்லது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் கோடையில் தரையில் கிடக்கும் பழமும் நெற்றும் எரிந்துவிடுகின்றன. மழை வர இரண்டு மாதம் ஆனால் அந்த இரண்டு மாதமும் வெறும் சாம்பல். நெல்லிக்கன்று கருகிவிடும். உண்ணிச்செடி மட்டும் வேரிலிருந்து மறுபடி கிளம்பிவிடும்.

அஸ்தம்பட்டி வாசி
ஏப்ரல் 15, காலை 7.40

முதலில் அவசரப்பட்டு எழுதிவிட்டேன், மன்னிக்கவும். படித்தபின் ஒரு கேள்வி. மான் அதிகமாகிவிட்டதுதான் காரணமாக இருக்குமோ? சிறுத்தை குறைந்துபோனால் மான் பெருகும், பெருகினால் தீனி போதாது. அப்படியானால் சில மான்கள் சாவது இயற்கைதானே?

வனவியல் மாணவி
ஏப்ரல் 15, இரவு 9.50

சரியான கேள்வி. அப்படி நடந்த இடங்கள் உண்டு. பெரிங் கடலில் செயின்ட் மாத்யூ என்ற தீவில் 1944இல் 29 பனிமான்களைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே வேட்டை விலங்கு எதுவும் கிடையாது, அவை தின்னும் பாசி தரையில் மெத்தையாகக் கிடந்தது. 1963இல் ஏறக்குறைய 6,000 ஆகிவிட்டன. அதற்குள்ளேயே பாசி தீர்ந்து, மான்களின் எடை பெரிதும் குறைந்திருந்தது. அடுத்த கடும் பனிக்காலத்தில் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 1966இல் போய்ப் பார்த்தபோது மிஞ்சியவை 42. நம் நாட்டிலேயே அந்தமானில் ஆங்கிலேயர் கொண்டுபோய் விட்ட புள்ளிமான்கள், கொல்லும் விலங்கு இல்லாமல் பெருகி, காட்டின் மரக்கன்றுகளைத் தலையெடுக்க விடாமல் மேய்ந்துகொண்டிருக்கின்றன.

ஆனால் அவை தீவுகள். நம் அடிவாரம் தீவு இல்லை. மான் பெருகியதால் தீனி தீர்ந்ததா, அல்லது தீனி தரும் இடம் சுருங்கியதால் இருக்கிற மானுக்கே போதவில்லையா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மான் அளவுக்கு மீறிப் பெருகிய காட்டில், அது எட்டும் உயரம் வரைக்கும் தழையெல்லாம் கத்தரித்த மாதிரி ஒரே கோட்டில் நிற்கும். நான் போன இடங்களில் அந்தக் கோடு இல்லை. தின்னக்கூடிய செடியே குறைவாக இருந்தது, உண்ணிச்செடிதான் இருந்தது. அதனால் நம் மலை விஷயத்தில் இயற்கை என்று சொல்லிவிட்டு ஒதுங்க என் மனம் ஒப்பவில்லை.

காப்பித்தோட்டம்
ஏப்ரல் 16, காலை 8.15

வரும் மழைக்கு இருபது சில்வர் ஓக்கை எடுத்துவிட்டு அத்தியும் நாவலும் வைக்கலாம் என்று இருக்கிறேன். மிளகு அத்தியிலும் ஏறும். கொஞ்சம் காலம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

அடிவாரத்து விவசாயி
ஏப்ரல் 16, இரவு 8.00

டாக்டர் ஐயா, எங்கள் பக்கம் வரும் மான் நலமாக இருக்கிறதா, மெலிகிறதா என்று தூரத்தில் இருந்தே எப்படித் தெரிந்துகொள்வது? கிட்டப் போனால் ஓடிவிடுகின்றன.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்
ஏப்ரல் 17, காலை 6.20

கிட்டப் போகவே வேண்டாம். ஓடுகிற ஒவ்வொரு ஓட்டமும் அதற்குச் செலவு.

பின்பக்கத்தைப் பாருங்கள். வால் பக்கத்து எலும்பும் இடுப்பெலும்பும் உருண்டு மூடியிருந்தால் நல்லது. குழி விழுந்து எலும்பு முனை தெரிந்தால் கொழுப்பு தீர்ந்துவிட்டது. மயிர் பளபளப்பாகப் படிந்திருக்கிறதா, சிலிர்த்துச் சொரசொரப்பாக இருக்கிறதா பாருங்கள். மெலிந்த மானுக்குக் குடற்புழுவும் உண்ணியும் ஏறிக்கொள்ளும், எதிர்த்து நிற்கும் சக்தி இருக்காது. வனத்துறைக்குச் சொல்லும்போது எத்தனை பெட்டைக்கு எத்தனை குட்டி கூட வருகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். அந்த ஒரு கணக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பேசும்.

ஆண் மானின் கொம்பும் ஒரு கணக்குப் புத்தகம்தான். வருடா வருடம் விழுந்து புதிதாக முளைக்கிறது. சில மாதங்களில் அத்தனை எலும்பை வளர்க்கத் தீனியில் இருந்து வரும் சுண்ணாம்புச் சத்து போதாமல், தன் விலா எலும்பில் இருந்தே கடன் வாங்கும். பிறகு தின்று அடைக்க வேண்டும். அடைக்க வழியில்லாத வருடம் கொம்பு குட்டையாக, மெல்லியதாக வரும். காட்டில் விழுந்த கொம்பையும் எலும்பையும் மான் கடிப்பதைப் பார்த்தால் பயப்படாதீர்கள், அந்தச் சத்தைத்தான் தேடுகிறது. அதனால் விழுந்த கொம்பை யாரும் எடுத்து வீட்டில் மாட்ட வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டத்திலும் அது குற்றம்.

கடைசியாகப் புழுக்கை. காய்ந்த நார்த் தீனி தின்றால் கெட்டியாக, தனித்தனி உருண்டையாக இருக்கும், உடைத்தால் நார் நாராக வரும். இளம்புல் கிடைத்துவிட்டால் மென்மையாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக விழும். உடம்பு தேற மாதம் ஆகும், புழுக்கை சில நாளிலேயே சொல்லிவிடும்.

புதரில் குட்டி தனியாகப் படுத்திருந்தால் அனாதை என்று தூக்கிவந்துவிடாதீர்கள். தாய் மேயப் போகும்போது ஒளித்து வைத்துவிட்டுத்தான் போகும்.

மலைக்கிராமத்தான்
ஏப்ரல் 19, இரவு 9.30

அடிவாரத்து அண்ணா, உங்கள் பட்டா நிலத்திலும் பக்கத்துத் தரிசிலும் உண்ணிச்செடி இருக்கிறதா? மேலே மட்டும் வெட்டினால் இரட்டிப்பாக வரும். மண்ணுக்குள் கொஞ்சம் கீழே, வேர்க்கழுத்தில் வெட்டி, வேர் மேலே பார்க்கத் தலைகீழாகப் போட்டுவிட வேண்டும். அப்புறம் அந்த இடத்தைச் சும்மா விடக்கூடாது, மழைக்கு முன்பே புல் விதை தூவிவிட வேண்டும். எங்கள் ஊர் ஆட்கள் நாலு பேர் வருவார்கள், நானும் வருகிறேன். காப்புக்காட்டுக்குள் நாம் கை வைக்க முடியாது, அங்கே வனத்துறைதான் செய்ய வேண்டும். அயல் செடிகளை அகற்றுவதற்காக 2022இல் தமிழக அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்திருக்கிறது. அதைச் சொல்லி மனு எழுதலாம், கையெழுத்துக்கு நான் ஆள் சேர்க்கிறேன்.

அடிவாரத்து விவசாயி
மே 27, காலை 7.10

ஒரு மாதமாக எழுத முடியவில்லை. கிணற்றுக்கு நாலடி உயரத்தில் கைப்பிடிச் சுவர் கட்டி முடித்தோம். பக்கத்துத் தோட்டக்காரரும் ஒத்துக்கொண்டு பாதிச் செலவைப் போட்டார். எங்கள் தெருவில் ஆறு வீட்டு நாய்களை இரவில் கட்டிப்போடுகிறோம். மலைக்கிராமத்துத் தம்பியும் அவர் ஆட்களும் வந்து மூன்று நாளில் ஒரு ஏக்கர் உண்ணிச்செடியை எடுத்தார்கள், கொழுக்கட்டைப்புல் விதை தூவியிருக்கிறோம். மனுவில் 84 கையெழுத்து. கொடுத்துவிட்டோம், பதில் இன்னும் வரவில்லை. அஸ்தம்பட்டி நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து காட்டோரத்துச் சாலையில் பிளாஸ்டிக் பொறுக்கினார்கள், ஒன்பது சாக்கு.

இடையில் ஒரு ஆண் மான் செத்துவிட்டது. எலும்பும் தோலுமாகத்தான் இருந்தது. மக்காச்சோளம் வீட்டிலேயே இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பது எளிதாக இல்லை ஐயா.

போன வாரம் இரண்டு நல்ல மழை. பெட்டை ஐந்து வருகின்றன, குட்டி ஒன்றுதான் கூட வருகிறது. எண்ணி எழுதி வைத்திருக்கிறேன். இன்று காலை வரப்பில் புழுக்கை கிடந்தது. குச்சியால் உடைத்துப் பார்த்தேன். ஒட்டியிருந்தது, உள்ளே பச்சை.